மின்சார பஸ், அரசு வண்டி: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடி டிப்போவிலிருந்து மின்சார பஸ் கிளம்பியதிலிருந்து என்னிடம் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஓர் அரசு அலுவலகத்தின் வாகனப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் லாக் புக், டீசல் பில், கண்டம் செய்த (இனி ஓட்ட லாயக்கில்லை என்று கழித்த) ஜீப் என்று வேலை பார்த்தவன் நான். அதனால் நலச் சங்கக் கூட்டத்திலும் சரி, கல்யாண வீட்டிலும் சரி, வண்டி பற்றிய சந்தேகம் என்றால் என் பக்கம் திரும்புகிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, எனக்கு உறுதியாகத் தெரிந்ததை எழுதியிருக்கிறேன். சென்னை பஸ்தான் பெரும்பகுதி. நடுவில் அதிகாரிகளின் கார், குப்பை வண்டி, வெளியூர் அனுபவம் எல்லாம் வரும்.

மொத்தம் எத்தனை மின்சார பஸ் சார்? எங்க டிப்போவுக்கும் வருமா?

இப்போதைய திட்டம் 625 பஸ்கள். 400 ஏசி இல்லாதவை, 225 ஏசி. எல்லாமே தாழ்தள பஸ். 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடியில் 120 பஸ்களை முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். ஆகஸ்டில் பெரும்பாக்கத்திலிருந்து 135 பஸ்கள் கிளம்பின. பூந்தமல்லி, சென்ட்ரல், தண்டையார்பேட்டை ஆகியவை திட்டத்திலுள்ள மற்ற டிப்போக்கள். உலக வங்கியின் உதவியோடு நடக்கும் சென்னை நகரத் திட்டத்தின் ஒரு பகுதி இது.

இந்த ஐந்தும் இல்லாத டிப்போவுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் காத்திருக்கத்தான் வேண்டும். 2019 ஆகஸ்டில் சென்ட்ரலுக்கும் திருவான்மியூருக்கும் நடுவே ஒரு மின்சார பஸ் சோதனைக்கு ஓடியது பலருக்கு நினைவிருக்கும். அந்த ஒரு பஸ்ஸிலிருந்து 120 பஸ்ஸுக்கு வர ஏறக்குறைய ஆறு வருடம் ஆனது. இந்த இடைவெளியில் என்ன வேலை இருக்கிறது என்பது கீழே டிப்போ பற்றிய பதிலில் தெரியும்.

இது கவர்ன்மென்ட் பஸ்ஸா, பிரைவேட் பஸ்ஸா? டிரைவர் கம்பெனி ஆளுன்னு சொல்றாங்களே.

இரண்டும் கலந்தது. பஸ்ஸை வாங்கியது, சார்ஜர் வைத்தது, பராமரிப்பது, டிரைவரை வேலைக்கு வைத்தது எல்லாம் அசோக் லேலண்ட் குழுமத்தைச் சேர்ந்த ஓம் என்ற நிறுவனம். பஸ்ஸைச் செய்தது அதே குழுமத்தின் ஸ்விட்ச். கண்டக்டர் மாநகர் போக்குவரத்துக் கழக ஊழியர். எந்தத் தடத்தில் ஓட வேண்டும், எத்தனை நடை, என்ன டிக்கெட் விலை என்பதைக் கழகம்தான் முடிவு செய்யும். டிக்கெட் காசும் கழகத்துக்கே போகும்.

கம்பெனிக்குக் கிலோமீட்டர் கணக்கில் காசு. ஏசி இல்லாத பஸ்ஸுக்குக் கி.மீ.க்கு சுமார் 77 ரூபாய், ஏசி பஸ்ஸுக்கு சுமார் 81 ரூபாய், 12 வருடத்துக்கு. ஆங்கிலத்தில் இதை கிராஸ் காஸ்ட் கான்ட்ராக்ட், சுருக்கமாக ஜிசிசி என்பார்கள். வாடகைக்கு லாரி பிடிப்பது போல என்று நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். லாரியில் எத்தனை மூட்டை ஏறுகிறது என்பது லாரிக்காரர் கவலை கிடையாது, ஓடிய தூரத்துக்கு வாடகை வந்தால் போதும்.

லேடீஸுக்கு இதுலயும் ஃப்ரீயா?

2021 மே மாதம் தொடங்கிய விடியல் பயணம் சாதாரணக் கட்டண பஸ்களுக்கு உரியது. பஸ் டீசலில் ஓடுகிறதா கரண்டில் ஓடுகிறதா என்பதை வைத்துச் சலுகை மாறாது. ஏசி பஸ்ஸில் கிடையாது.

ஒரு பஸ் ஒரு கோடிக்கு மேலயாமே. அந்தக் காசுக்கு ரெண்டு டீசல் பஸ் வாங்கிடலாமே?

விலை கூட என்பது உண்மைதான். ஆனால் நான் லாக் புக் பார்த்த காலத்தில் கற்றுக்கொண்டது, வண்டியின் விலையைவிட அது ஓடித் தீர்க்கும் எண்ணெயின் விலை பெரியது என்பது. டீசல் பஸ் நகரத்தில் லிட்டருக்கு 4 கி.மீ. கொடுத்தால் நல்ல பஸ். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் கி.மீ.க்கு 23 ரூபாய் எண்ணெய்க்கே போகிறது. ஏசி பஸ் என்றால் லிட்டருக்கு இரண்டரைதான் தாண்டும், 37 ரூபாய் ஆகிவிடும். மின்சார பஸ் கி.மீ.க்கு ஒரு யூனிட், ஏசி போட்டால் ஒன்றரை யூனிட்டுக்குள். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால்கூட 8-லிருந்து 12 ரூபாய்க்குள் முடிகிறது.

ஒரு நாளைக்கு 200 கி.மீ. என்றால் வருடத்துக்கு 70,000 கி.மீ. சுற்றி வரும். கி.மீ.க்கு 15 ரூபாய் மிச்சமானால் வருடத்துக்குப் பத்து லட்சம். 12 வருடத்தில் விலை வித்தியாசம் தேறிவிடும். ஒரே நிபந்தனை, பஸ் தினமும் ஓட வேண்டும். டிப்போவில் நிற்கும் மின்சார பஸ்ஸைவிடச் செலவு பிடித்தது வேறு எதுவும் இல்லை.

ஒரு சார்ஜுக்கு எவ்ளோ தூரம்? மதியானம் நடு ரோட்டுல நின்னுடாதா?

முழு சார்ஜுக்கு 180 முதல் 200 கி.மீ. போகும். சென்னை நகர பஸ் ஒரு நாளில் ஓடுவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதனால் இரவில் முழுதாக ஏற்றி, மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் டிப்போவுக்கு வந்து கொஞ்சம் ஏற்றிக்கொண்டால் சிக்கல் இல்லை. டிரைவருக்கு முன்னால் உள்ள திரையில் எத்தனை சதவீதம் மிச்சம் என்று தெரிந்துகொண்டே இருக்கும்.

கவனிக்க வேண்டியது டியூட்டி அட்டவணை. டீசல் பஸ்ஸுக்குப் போட்ட அட்டவணையை அப்படியே மின்சார பஸ்ஸுக்குக் கொடுத்தால், டிப்போவுக்கும் தடத்துக்கும் இடையில் காலியாக ஓடும் தூரமே சார்ஜைத் தின்றுவிடும். டிப்போவுக்குப் பக்கத்திலிருந்து கிளம்பும் தடங்களை முதலில் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

மழை வெள்ளத்துல ஓட்டுவாங்களா? கரண்ட் அடிக்காதா?

பேட்டரிப் பெட்டி தண்ணீர் புகாதபடி அடைக்கப்பட்டது. ஐபி67 என்ற தர அளவு, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்தாலும் உள்ளே இறங்கக் கூடாது என்கிறது. கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஏற்பாடும் உண்டு. ஆகவே சாதாரண மழையில் பயப்பட ஒன்றுமில்லை.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தேங்கியது போன்ற தண்ணீரில் எந்தத் தாழ்தள பஸ்ஸும் போகக் கூடாது, டீசலாக இருந்தாலும்தான். தளம் தாழ்வாக இருப்பது சக்கர நாற்காலியில் வருபவர்களும், முட்டிவலியோடு வருகிற என் வயதுக்காரர்களும் ஏறுவதற்காக. அந்த வசதிக்காக மாற்றுத்திறனாளிகள் பல வருடம் உயர் நீதிமன்றம் வரை போராடியிருக்கிறார்கள். வருடத்தில் சில நாள் தேங்கும் தண்ணீரைச் சொல்லி அதை மறுப்பது தவறு. தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்வது சாலைத் துறையின் பொறுப்பு.

டிப்போவுல பிளக் பாயின்ட் வெச்சா போதாதா? இதுக்கு ஏன் இவ்ளோ வருஷம்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நிதானமாக உட்கார்ந்து பதில் சொல்ல ஆசைப்படுவேன். ஒரு கணக்குப் போடுவோம். 120 பஸ் உள்ள டிப்போ. ஒவ்வொன்றும் 200 கி.மீ. ஓட, சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து 220 யூனிட் வேண்டும். மொத்தம் 26,400 யூனிட், ஒரே நாளுக்கு. இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு ஒரு நாளைக்கு 5 யூனிட். அப்படிப்பட்ட ஐயாயிரம் வீடுகளுக்கு மேல் ஒரே காம்பவுண்டுக்குள் குடியேறியது போல.

அதோடு முடியவில்லை. கடைசி பஸ் இரவு 11 மணிக்கு வந்து, முதல் பஸ் காலை 4 மணிக்குக் கிளம்பினால், அந்த 5 மணி நேரத்துக்குள் எல்லாம் ஏறியாக வேண்டும். அப்போது 5 மெகாவாட்டுக்கு மேல் இழுக்கும். அதற்கு உயரழுத்த இணைப்பு, தனி கேபிள், டிரான்ஸ்ஃபார்மர்கள், அவற்றுக்கு இடம், தீயணைப்பு அனுமதி என்று ஒவ்வொன்றும் வேறு வேறு அலுவலகத்தின் கையெழுத்து. டீசல் பஸ்ஸை ஒன்றை ஒட்டி ஒன்றாக நெருக்கி நிறுத்தலாம். மின்சார பஸ்ஸுக்கு சார்ஜர் பக்கத்தில் நின்று, பெட்ரோல் பங்க் குழாய் முனை போன்ற சார்ஜிங் முனையை மாட்டிக் கழற்ற ஆள் நடமாடும் இடைவெளி வேண்டும். பழைய டிப்போக்களில் அந்த இடம்தான் தட்டுப்பாடு.

பகலில் பாதி, இரவில் பாதி என்று பிரித்து ஏற்றினால் இரவுச் சுமை பாதியாகக் குறையும், சின்ன டிரான்ஸ்ஃபார்மரே போதும். ஒரு பஸ் எப்போது டிப்போவுக்குள் வர வேண்டும் என்று அட்டவணை போடுகிறவரும், மின் இணைப்புக்கு விண்ணப்பம் எழுதுகிறவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் கோடிக்கணக்கில் மிச்சம். அரசுத் துறைகளில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த மேஜையைப் போடுவதுதான் எல்லாவற்றிலும் கடினமான வேலை.

நிலக்கரியில எடுத்த கரண்ட்லதானே ஓடுது? அப்ப கார்பன் எங்க குறையுது?

நல்ல கேள்வி. சுற்றி வளைக்காமல் கணக்கைச் சொல்கிறேன். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு. லிட்டருக்கு 4 கி.மீ. என்றால் கி.மீ.க்கு 0.67 கிலோ. கச்சா எண்ணெய் எடுத்து, கப்பலில் கொண்டுவந்து, சுத்திகரிக்க ஆகும் புகையையும் சேர்த்தால் 0.8 கிலோ வரும். இந்திய மின்தொகுப்பில், அதாவது எல்லா மின் நிலையங்களும் சேர்ந்து கொடுக்கும் மின்சாரத்தில், ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ. கி.மீ.க்கு 1.1 யூனிட் என்றால் 0.77 கிலோ.

ஆக, ஏசி இல்லாத பஸ்ஸில் இன்றைய தேதிக்கு இரண்டும் கிட்டத்தட்ட சமம். இதை மறைத்து "பூஜ்ஜியப் புகை" என்று விளம்பரம் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஏசி பஸ்ஸில் நிலைமை வேறு. டீசல் ஏசி பஸ் 1.3 கிலோ, மின்சார ஏசி பஸ் 1 கிலோ, ஏறக்குறைய கால் பங்கு குறைவு.

அப்புறம் ஏன் மாற வேண்டும்? இன்று வாங்கும் டீசல் பஸ் கடைசி நாள் வரை அதே 0.8 கிலோவைத்தான் கக்கும், பழசாக ஆக இன்னும் கூடும். 2025-இல் வந்த மின்சார பஸ்ஸின் ஒப்பந்தம் 2037 வரை. அதற்குள் மின்தொகுப்பில் சூரியசக்தியும் காற்றாலையும் கூடக் கூட, பஸ்ஸில் ஒரு திருகைக்கூட மாற்றாமல் அதன் கார்பன் கணக்கு இறங்கிக்கொண்டே வரும். தமிழ்நாட்டுக்கு இதில் இயல்பான வசதி இருக்கிறது. முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை காற்று, கமுதி போன்ற இடங்களில் வருடம் முழுக்க வெயில். மதிய வெயிலில் சார்ஜ் ஏற்றினால் கார்பனும் குறையும், முந்தைய பதிலில் சொன்ன டிரான்ஸ்ஃபார்மர் செலவும் குறையும். பகல் நேர மின்சாரத்துக்குக் கட்டணமே குறைவாக இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் விதியும் சொல்கிறது.

புகை என்பது கார்பன் மட்டுமில்லை என்பதையும் மறக்கக் கூடாது. நிறுத்தத்தில் நிற்பவர் முகத்தில் அடிக்கும் கரிப்புகை இந்த பஸ்ஸில் சுத்தமாகக் கிடையாது. வியாசர்பாடி, தண்டையார்பேட்டை போன்ற வட சென்னைப் பகுதிகள் அனல்மின் நிலையம், துறைமுக லாரி, ஆலை என்று எல்லாப் புகையையும் ஏற்கெனவே வாங்கியவை. புதிய பஸ் முதலில் அங்கே வந்ததில் எனக்கு மனநிறைவு.

அதுக்கு சிஎன்ஜி பஸ்ஸே விட்டிருக்கலாமே? டெல்லியில மாத்தினாங்களே.

டெல்லி 1998-இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவால் மாறியது. 2002 முடிவதற்குள் நகர பஸ்கள் முழுக்க சிஎன்ஜி, அதாவது அழுத்திய இயற்கை எரிவாயுவுக்கு மாறின. அன்று அவர்கள் எதிர்த்தது டீசல் கரிப்புகையை. அந்த நோக்கத்துக்கு அது நல்ல முடிவு, வேறு வழியும் அப்போது இல்லை. கார்பனைப் பொறுத்தவரை சிஎன்ஜியில் கிடைக்கும் லாபம் சின்னது. குழாயிலும் டேங்கிலும் மீத்தேன் கசிந்தால் அந்த லாபமும் போய்விடும். மேலே சொன்னபடி வருடத்துக்கு வருடம் சுத்தமாகிற வாய்ப்பும் அதற்கு இல்லை. அதே டெல்லி இப்போது மின்சார பஸ்ஸுக்கு மாறிக்கொண்டிருக்கிறது.

ஆபீசருங்க மட்டும் டீசல் கார்ல போவாங்க, நமக்கு மட்டும்தான் மின்சார பஸ்ஸா?

அதிகாரிகளின் காரை மாற்றும் முயற்சி பஸ்ஸுக்கு முன்பே நடந்தது. 2017-இல் மத்திய அரசு நிறுவனமான ஈஈஎஸ்எல் 10,000 மின்சார கார்களுக்கு ஒரே டெண்டர் விட்டது. டாடாவும் மகிந்திராவும் வென்றன. விலை நன்றாகக் குறைந்தது. ஆனால் கார்கள் வந்தபோது, ஒரு சார்ஜுக்கு நகரத்தில் 80 கி.மீ. சுற்றிதான் கிடைக்கிறது என்று அதிகாரிகள் குறை சொன்னார்கள். அலுவலகங்களில் சார்ஜரும் இல்லை. திட்டம் நினைத்த வேகத்தில் போகவே இல்லை.

நான் வேலை பார்த்த இடத்திலும் ஒரு மின்சார கார் வந்தது. கார் வந்த பிறகுதான் சார்ஜருக்குத் தனி மின் இணைப்பு வேண்டும் என்று தெரிந்தது. கட்டடம் ஒரு துறைக்குச் சொந்தம், மின் கட்டணம் கட்டுவது இன்னொரு துறை, கார் எங்கள் பெயரில். கடிதம் மேல் கடிதம் போய் இணைப்பு வருவதற்குள் எட்டு மாதம் ஓடிவிட்டது. அதுவரை புத்தம் புதுக் கார் உறையோடு நின்றது, டிரைவர் பழைய ஜீப்பையே ஓட்டினார். பின்னால் அதே கார் தினமும் ஓடியது, யாரும் குறை சொல்லவில்லை. காரைத் தவறு சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது இன்னொரு வாய்ப்பு வந்திருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல், 15 வருடம் தாண்டிய அரசு வாகனங்களுக்குப் பதிவைப் புதுப்பிக்க முடியாது. ராணுவம், சட்டம் ஒழுங்கு போன்ற பணிகளில் உள்ள சிறப்பு வாகனங்களுக்கு மட்டும் விலக்கு. கண்டம் ஆகும் ஒவ்வொரு ஜீப்புக்கும் பதிலாக என்ன வாங்குகிறோம் என்பது அடுத்த 15 வருடத்தை முடிவு செய்யும். மாவட்டத் தலைநகரில் அலுவலகம், ஆட்சியரகம், வீடு என்று 50 கி.மீ.க்குள் சுற்றும் காரை டீசலில் வாங்க இன்று எந்தக் காரணமும் இல்லை. மலைக் கிராமத்துக்கும் புயல் பணிக்கும் போகும் ஜீப் இன்னும் சில காலம் டீசலிலேயே இருக்கட்டும்.

குப்பை வண்டிகூட பேட்டரிதானே?

ஆமாம், சென்னையில் வீட்டு வாசலுக்கு வரும் மூன்று சக்கர வண்டிகள் பேட்டரியில்தான் ஓடுகின்றன. குறைந்த தூரம், குறைந்த வேகம், நூறு இடத்தில் நிறுத்தம், இரவு முழுக்க ஓய்வு. மின்சாரத்துக்கென்றே அளந்து வைத்த வேலை. அதனால்தான் பெரிய சர்ச்சை எதுவும் இல்லாமல் நடந்தது.

டிரைவர், மெக்கானிக் வேலையெல்லாம் போயிடுமா அண்ணே? என் பையன் டீசல் மெக்கானிக் படிச்சிட்டு இருக்கான்.

டிரைவர் தேவை குறையாது. ஆனால் நல்ல சம்பளம், ஓய்வுக்காலப் பலன் உள்ள அரசு டிரைவர் வேலை, கம்பெனியின் ஒப்பந்த வேலையாக மாறுகிறது. தொழிற்சங்கங்கள் எதிர்ப்பது இதைத்தான், மின்சார பஸ்ஸை அவர்கள் எதிர்க்கவில்லை. அவர்கள் கவலை நியாயமானது என்றே நினைக்கிறேன். காலை நான்கு மணிக்கு வண்டி எடுக்கும் மனிதருக்கு நேரத்துக்குச் சம்பளமும் போதிய ஓய்வும் கிடைக்கிறதா என்பது நம் பாதுகாப்பு விஷயம். கம்பெனிக்குக் கி.மீ. காசு கொடுக்கும்போதே அதை நிபந்தனையாக எழுதி, கழகம் சரிபார்க்க வேண்டும்.

மெக்கானிக் வேலை நிச்சயம் மாறும். இன்ஜின் ஆயில், கிளட்ச், கியர்பாக்ஸ், சைலன்ஸர் எதுவும் இல்லை. பிரேக், சஸ்பென்ஷன், டயர், ஏசி, கதவு, பாடி எல்லாம் இருக்கிறது. உயர் மின்னழுத்த வயரிங்கும் பேட்டரிச் சோதனையும் புதிதாக வருகிறது. உங்கள் பையன் டீசலோடு எலக்ட்ரிக்கலும் சேர்த்துப் படிக்கட்டும். டீசல் பஸ் இன்னும் பல வருடம் இருக்கும், அதனால் படித்தது வீணாகாது.

பஸ் ஓடலைன்னாலும் கம்பெனிக்குக் காசு கொடுக்கணுமாமே?

பஸ்ஸைத் தயாராக வைத்திருந்தும் கழகம் ஓட்டச் சொல்லாவிட்டால் கொடுக்க வேண்டும். ஒரு பஸ்ஸுக்கு நாளொன்றுக்கு 200 கி.மீ. என்று உறுதி கொடுக்கப்பட்டிருக்கிறது. பஸ் பழுதாகி நின்றால் அது கம்பெனி தலையில். உறுதி கொடுக்காவிட்டால் ஒன்றரைக் கோடிக்குப் பக்கத்தில் கடன் வாங்கி யாரும் பஸ் வாங்க மாட்டார்கள்.

இதில் சென்னையின் நெரிசல் ஒரு பிரச்சினை. பஸ் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் 200 கி.மீ. ஓட 13 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 20 கி.மீ. வேகம் கிடைத்தால் 10 மணி நேரம். பஸ்ஸுக்குத் தனிப் பாதை போடுவதும், நிறுத்தத்தை அடைத்து நிற்கும் வண்டிகளை அகற்றுவதும் இந்த ஒப்பந்தத்தைக் காப்பாற்றும் வேலைகள்தான். கழகம் கட்டும் காசில் ஓடும் தூரம் கிடைக்க வேண்டுமானால் காவல் துறையும் மாநகராட்சியும் கை கொடுக்க வேண்டும்.

கழகமே நஷ்டத்துல ஓடுது. கம்பெனிக்கு மாசாமாசம் எப்படிக் கட்டுவாங்க?

முந்தைய பதிலையும் கி.மீ. விலையையும் சேர்த்துப் பெருக்கினால், 625 பஸ்ஸும் ஓடும்போது நாளொன்றுக்கு ஒரு கோடி ரூபாய்க்குப் பக்கம் வருகிறது. டிக்கெட் காசு மட்டும் அதற்குப் போதாது, அரசு மானியம் வந்தே ஆக வேண்டும். நகர பஸ் என்பது மழைநீர் வடிகால் போல, தெருவிளக்கு போல ஒரு சேவை. அதற்கு அரசு பணம் போடுவதில் தவறில்லை. நேரத்துக்குப் போட வேண்டும், அதுதான் முக்கியம்.

பணம் தாமதமானால் கம்பெனி முதலில் டிரைவர் சம்பளத்தில் கை வைக்கும், அடுத்து பராமரிப்பில். இதற்காகத்தான் மத்திய அரசு 2024-இல் 3,435 கோடி ரூபாயில் ஒரு பாதுகாப்பு நிதியை அறிவித்தது. ஒரு மாநிலக் கழகம் கட்டத் தவறினால் அந்த நிதியிலிருந்து கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு, பின்னர் மாநிலத்திடம் வசூலிப்பார்கள். 38,000-க்கும் மேற்பட்ட பஸ்களுக்கு இது உதவும் என்பது கணக்கு. கடன் கொடுக்கும் வங்கிக்கு இந்தத் தைரியம் இருந்தால் வட்டி குறையும், கி.மீ. விலையும் குறையும். 2022-இல் கொல்கத்தா, டெல்லி, சூரத், பெங்களூரு, ஹைதராபாத் ஆகிய ஐந்து நகரங்களுக்குச் சேர்த்து 5,450 பஸ்களுக்கு ஒரே டெண்டர் விட்டபோது 12 மீட்டர் நீள பஸ்ஸுக்குக் கி.மீ.க்கு 43.49 ரூபாய் வரை இறங்கியது. அது மத்திய மானியம் கிடைத்த விலை, சென்னை விலையோடு நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் பல ஊர்கள் சேர்ந்து வாங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

பேட்டரி செத்துப்போச்சுன்னா?

ஒப்பந்தக் காலம் முழுக்க பஸ்ஸை ஓட்டிக் காட்டுவது கம்பெனியின் பொறுப்பு, பேட்டரி மாற்றுவதும் அதில் அடங்கும். பஸ்ஸுக்கு ஆகாத பேட்டரி உடனே குப்பை ஆகிவிடாது. சூரிய மின்சாரத்தைச் சேமித்து வைக்க இன்னும் சில வருடம் உதவும். கடைசியில் அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்வது தயாரிப்பாளர், இறக்குமதியாளர் கடமை என்று 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் சொல்கின்றன.

வெளிநாட்டுல யாராவது முழுசா மாத்திக் காட்டியிருக்காங்களா?

சீனாவின் ஷென்ஜென். 2017 முடிவில் அந்த ஊரின் 16,359 பஸ்களும் மின்சாரம். அடுத்து டாக்ஸிகளையும் மாற்றினார்கள். உள்ளூரிலேயே மின்சார பஸ் செய்யும் பிஒய்டி நிறுவனத்தின் தொழிற்சாலை, தாராளமான மானியம் இரண்டும் இருந்தன.

நமக்கு இன்னும் பொருத்தமான பாடம் சிலி நாட்டின் சான்டியாகோ. அங்கே பஸ்ஸை வாங்கி வாடகைக்கு விட எனல் என்ற மின் நிறுவனமே முன்வந்தது, சார்ஜரையும் அவர்களே வைத்தார்கள், ஓட்டுவதற்கு வேறொரு நிறுவனம். மேலே நான் சொன்ன ஒரே மேஜை அங்கே முதல் நாளிலேயே கிடைத்தது. நம் ஊரில் மின்வாரியம் இதில் வெறும் இணைப்புக் கொடுப்பவராக நிற்காமல் பங்காளியாக வந்தால் எவ்வளவு வேகமாக நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்ப இனிமே டீசல் பஸ்ஸே வாங்கக் கூடாதா?

இந்த இடத்தில் சில நண்பர்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. தமிழ்நாட்டின் 2023 மின்வாகனக் கொள்கை, 2030-க்குள் அரசு பஸ்களில் 30 சதவீதம் மின்சாரமாக வேண்டும் என்கிறது. நல்ல இலக்கு. ஆனால் சென்னையில் பஸ்களே மூவாயிரத்துச் சொச்சம்தான், ஊரின் அளவுக்கு இது மிகக் குறைவு. மின்சார பஸ் வரும்வரை பழைய பஸ்ஸைக் கழித்துவிட்டுக் காத்திருந்தால், நிறுத்தத்தில் நிற்பவர் கடன் வாங்கி ஒரு பைக் வாங்கிவிடுவார். ஒருமுறை பைக்குக்குப் போனவர் பஸ்ஸுக்குத் திரும்புவது அரிது.

கணக்கும் அதையே சொல்கிறது. கி.மீ.க்கு 0.8 கிலோ கக்கும் டீசல் பஸ்ஸில் 50 பேர் போனால் ஆளுக்கு 16 கிராம். லிட்டருக்கு 45 கி.மீ. போகும் பைக்கில் ஒருவர் தனியாகப் போனால், சுத்திகரிப்பையும் சேர்த்து 60 கிராம். நிரம்பிய டீசல் பஸ்ஸே பைக்கைவிட நாலு மடங்கு நல்லது. பாதி காலியாக, அரை மணிக்கு ஒருமுறை வரும் மின்சார பஸ் அந்த லாபத்தைக் கொடுக்காது. ஆகவே பஸ்ஸின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், டிப்போ தயாராகத் தயாராக மின்சாரத்தில் கூட்டுங்கள், தயாராகாத டிப்போவுக்கு, புகைக் கட்டுப்பாடு கூடிய பிஎஸ்6 தர டீசல் பஸ் வரட்டும். எண்ணிக்கையைக் குறைத்துப் பச்சை நிறம் பூசுவதை மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

இதெல்லாம் சரியா நடக்குதான்னு எங்கள மாதிரி ஆளுங்க எப்படித் தெரிஞ்சுக்கிறது?

தகவல் உரிமைச் சட்டம் 6(1) பிரிவின்படி ஒரு மனு, பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். "திட்டம் எப்படிப் போகிறது" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். டிப்போவின் பெயரையும் ஒரு குறிப்பிட்ட மாதத்தையும் போட்டு, எண்ணாகக் கேளுங்கள். ஒரு பஸ் சராசரியாக நாளுக்கு எத்தனை கி.மீ. ஓடியது, கி.மீ.க்கு எத்தனை யூனிட் ஆனது, மொத்த யூனிட்டில் காலை 9 முதல் மாலை 4 வரை ஏற்றியது எவ்வளவு, எத்தனை நடை ரத்தானது, ஓடாத தூரத்துக்குக் கொடுத்த காசு எவ்வளவு. இந்த ஐந்து எண்ணும் கிடைத்தால் மேலே நான் போட்ட கணக்கு முழுவதையும் நீங்களே உங்கள் டிப்போவுக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பதில் வந்தால் எனக்கும் ஒரு நகல் கொடுங்கள், அந்த டிப்போவின் பெயரோடு இங்கேயே சேர்த்துவிடுகிறேன்.